லிங்க் அப், ஆனா சர்வர் காணோம்

சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு, ரெண்டு சுவிட்ச். ஒன்று போனால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்னு லினக்ஸ் பாண்டிங் போட்டு வைக்கிறோம். இதில் ஆக்டிவ்-பேக்கப் முறையில் ஒரு கார்டு மட்டும் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். ஆனால் சில நேரம் சர்வரை யாராலும் எட்ட முடியாது. ரேக்கில் பார்த்தால் ரெண்டு கார்டிலும் பச்சை விளக்கு எரியும். அப்போ ஏன் மாறவில்லை?

மாற வேண்டிய அவசியம் இருக்குன்னே அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வழக்கமாக நாம் 'மிமான்' மதிப்பை 100 என்று வைப்போம். அதாவது 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கார்டில் லிங்க் இருக்கான்னு பாண்டிங் பார்க்கும். கேபிள் கழன்றாலோ பக்கத்து சுவிட்ச் அணைந்தாலோ இது உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்த சுவிட்சிலிருந்து மேலே போகும் இணைப்பு அறுந்தால்? சர்வருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. தெருமுனை வரைக்கும் ரோடு நல்லா இருக்கு, அதனால ஊருக்கு பஸ் போகும்னு நம்புற மாதிரி.

முதலில் பார்க்க வேண்டியது

'ப்ராக்' அடைவுக்குள் 'நெட்', அதற்குள் 'பாண்டிங்', அங்கே 'பாண்ட்0' என்ற கோப்பு. அதில் மூன்று விஷயம்: இப்போது எந்த கார்டு ஆக்டிவ், ஒவ்வொன்றிலும் லிங்க் அப்பா டவுனா, இதுவரை எத்தனை முறை லிங்க் விழுந்தது.

எண்ணிக்கை ஏறவே இல்லை, ஆனால் கேட்வேக்கு பிங் போகலைன்னா மேலே சொன்ன கதைதான். இதற்கு மருந்து ஏஆர்பி கண்காணிப்பு. லிங்க்கைப் பார்க்காமல், கேட்வே போன்ற முகவரிகளிடம் 'இருக்கியா' என்று கேட்டு பதில் வருதான்னு பார்க்கும். மூன்று விஷயம் கவனிக்கணும்:

1. இதையும் மிமானையும் சேர்த்துப் போடக்கூடாது.
2. ஒரே ஒரு முகவரி கொடுத்தால், அந்த கேட்வே ரீபூட் ஆகும்போது ரெண்டு கார்டும் செத்ததாக பாண்டிங் நினைக்கும். ரெண்டு முகவரியாவது கொடுங்க.
3. 'ஏஆர்பி வேலிடேட்' போடலைன்னா, வேறு யாரோ அனுப்பும் பாக்கெட்டைப் பார்த்தே கார்டு உயிரோடு இருக்குன்னு முடிவு கட்டிவிடலாம்.

மாறியது, ஆனாலும் போகலை

ஆக்டிவ் கார்டு மாறியிருக்கு, பிங் மட்டும் இல்லைன்னா, ரெண்டாவது சுவிட்ச் போர்ட்டில் உங்க விலான் அனுமதிக்கப்பட்டிருக்கா பாருங்க. இதை முன்கூட்டியே சோதிக்க சுலபமான வழி உண்டு. காத்திருக்கும் கார்டில் டிசிபிடம்ப் ஓட்டி ஏஆர்பி பாக்கெட் வருதான்னு பாருங்க. ஆள் நடமாட்டமுள்ள விலானில் பிராட்காஸ்ட் வந்துகொண்டே இருக்கும். அஞ்சு நிமிஷம் மயான அமைதின்னா சந்தேகப்படலாம்.

திரும்பி வரும்போது விழுவது

'பிரைமரி' குறித்து வைத்திருந்தால், அந்த கார்டின் லிங்க் வந்த உடனே பாண்டிங் அதற்குத் தாவும். ஆனால் பழைய ஸ்பானிங் ட்ரீ ஓடும் சுவிட்ச் போர்ட், லிங்க் வந்த பிறகும் 15 + 15, மொத்தம் 30 விநாடி கழித்துத்தான் பாக்கெட்டை விடும். அதனால் சுவிட்ச் செத்தபோது வராத தடங்கல், அது பிழைத்து வந்ததும் வரும். போர்ட்ஃபாஸ்ட் போடுங்க, இல்லைன்னா 'பிரைமரி ரீசெலக்ட்' மதிப்பை 'ஃபெயிலியர்' ஆக்குங்க. அப்போ ஓடிக்கொண்டிருக்கும் கார்டு விழும் வரை பாண்டிங் மாறாது.

சோதனை பண்ணும்போது கார்டை கமாண்டில் டவுன் பண்ணிப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். அது பாண்டிங் டிரைவரை மட்டும்தான் சோதிக்கிறது. முதல் சுவிட்சின் மேல் இணைப்பைக் கழற்றிப் பாருங்க. எஸ்எஸ்எச் அறுந்துபோகலாம் என்பதால் கன்சோலில் உட்கார்ந்து செய்யுங்க. பராமரிப்பு நேரத்தில் நாமே கழற்றினால் சில நிமிஷத் தடங்கல். தானா அறுந்தால், காரணம் தெரிவதற்குள் விடிந்துவிடும்.