இரைப்பையில் ஒரு துளை: அபூர்வ நோயாளி கற்றுத்தந்த இரு பாடங்கள்

வயிற்று நோய்களுக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியர்களாகிய நாம் பாடப்புத்தகங்களில் இருந்து மட்டும் கற்பதில்லை. வழமைக்கு மாறான நோயாளிகளும் எமக்கு ஆசிரியர்களே. அவர்களில் முதன்மையானவராக நான் கருதுவது அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற கனேடியத் தொழிலாளியை.

1822 ஜூன் 6 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் தவறுதலாக வெடித்த துப்பாக்கி அவரது இடது விலாப் பகுதியைச் சிதைத்தது. சிகிச்சையளித்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமொன்ட், அவர் பிழைப்பார் என எதிர்பார்க்கவில்லை. அவரோ பிழைத்துக்கொண்டார். ஆனால், இரைப்பையிலிருந்து வெளியே திறந்த துளை மூடவில்லை.

இரைப்பை உணவை அரைக்கிறதா, நொதிக்கச் செய்கிறதா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1825 ஆகஸ்டில் போமொன்ட் இறைச்சி, பாண், கோவா ஆகியவற்றைப் பட்டுநூலில் கட்டித் துளை வழியாக உள்ளே இறக்கினார். மணிக்கொரு தடவை வெளியே எடுத்துப் பார்த்தார். இரைப்பைச் சாற்றைக் குப்பியில் எடுத்து, உடற்சூட்டில் வைத்தபோது அதிலும் இறைச்சி கரைந்தது. சமிபாடு ஓர் இரசாயனச் செயற்பாடு என்பது தெளிவானது. அச்சாற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் இருப்பதும் உறுதியானது. கோபம் சமிபாட்டைக் குழப்புவதையும் அவர் குறித்துவைத்தார். 1833 இல் இவை நூலாக வெளிவந்தன.

இது முதலாவது பாடம். இரண்டாவது, சென் மார்ட்டினின் பக்கத்திலிருந்து வருவது. வறுமைப்பட்ட அவர், போமொன்டின் வீட்டில் வேலையாளாகவும் இருந்தார். ஆண்டுக்கு 150 டொலருக்குத் தன் இரைப்பையை ஆய்வுக்கு வழங்க ஒப்பந்தம் செய்தார். இடையில் சொல்லாமல் ஊர் திரும்பியதும் உண்டு. 1880 இல் அவர் இறந்தபோது, வைத்தியர்கள் உடலைக் கேட்டனர். குடும்பத்தினர் மறுத்து, உடல் அழுகும்வரை வைத்திருந்து, ஆழக் குழி தோண்டிப் புதைத்தனர்.

அந்த மறுப்பை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன். அபூர்வமான நோய் ஒருவருக்கு வந்துவிட்டால் அவரது உடல் பொதுச்சொத்தாகிவிடாது. இன்று ஒரு நோயாளியின் விபரத்தை மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட அவரது எழுத்துமூலச் சம்மதம் தேவை. அந்தப் படிவம் அவருக்கு விளங்கும் மொழியில் இருந்தால்தான் அது சம்மதம்.

உங்களிடம் அவ்வாறு கேட்கப்பட்டால், எங்கே வெளிவரும், படம் வருமா, அடையாளம் தெரியுமா என்று தயங்காமல் கேளுங்கள். விருப்பமில்லையெனில் மறுக்கலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையக்கூடாது. சம்மதித்தால், உங்களைக் காணாத இன்னொரு நோயாளிக்கு அது உதவக்கூடும்.