மலை கடந்த பாண்டிய மரபு

குமுளியிலிருந்து கிழக்கே இறங்கினால் கூடலூர், கம்பம். மேற்கே சென்றால் வண்டிப்பெரியாறு, பீருமேடு. நம்மவருள் பெரும்பாலோருடைய முன்னோர் இவ்வழியே மலையேறி வந்தவர்கள். ஏலக்காட்டிற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் கூலி தேடி அவர்கள் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே, மதுரையை விட்டு இம்மலை கடந்த ஓர் அரச குடும்பம் உண்டு. அதுவே பூஞ்சார் அரச மரபு. அன்பர்கள் அம்மரபின் வரலாற்றை அறிந்து கொள்ளுதல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானோம்.

பூஞ்சார், இன்றைய கோட்டயம் மாவட்டத்தில், மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்குள்ள அரச குடும்பத்தார் தம்மைப் பாண்டியர் வழியினர் என்று கூறுவர். மானவிக்கிரம குலசேகர பாண்டியர் என்பார் மதுரையில் அரசிழந்து, கம்பம் பகுதியில் தங்கிப் பின்னர் மேற்கே வந்து பூஞ்சாற்றில் குடியமர்ந்தார் என்பது அவர்தம் குடும்ப வழக்கு. ஐயப்பன் வரலாற்றால் நாம் அறிந்த பந்தளத்து அரச குடும்பமும் தன்னைப் பாண்டியர் வழி என்றே கூறுகின்றது.

மலை கடந்த அக்குடும்பம் எவற்றை விட்டது, எவற்றைக் காத்தது என்று நோக்குவோம். பேச்சு மலையாளமாயிற்று. பெயர்கள் கேரளவர்மர், கோதவர்மர் என்றாயின. தந்தை வழி உரிமை போய், மருமக்கள்தாயம் என்னும் தாய்வழி முறை வந்தது. ஆயினும் மதுரை மீனாட்சியை மட்டும் அவர்கள் விடவில்லை. பூஞ்சாற்றில் மீனாட்சிக்குக் கோயில் எடுத்து இன்றளவும் வழிபட்டு வருகின்றனர்.

தாய்வழி முறையில் மன்னருக்குப் பின் பட்டம் பெறுபவர் அவர் மகன் அல்லர், உடன்பிறந்தாளின் மகனே. குடும்பத்துப் பெண்மக்களின் பிள்ளைகளே அக்குடும்பத்தார் ஆவர். இதற்குச் சான்றாக ஒருவரைக் காட்டுவோம். கேரள விளையாட்டுத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் கர்னல் கோதவர்ம ராஜா 1908-இல் பூஞ்சார் மரபில் பிறந்தவர். 1934-இல் திருவிதாங்கூர் இளவரசி கார்த்திகைத் திருநாளை மணந்தார். அவர்தம் மக்களோ தாய்வழியே திருவிதாங்கூர் மரபினர் ஆயினர். 1971-இல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் அப்பெரியார் மறைந்தார்.

குலம் தொடரும் வழி நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பானியச் சாமுராய்க் குடும்பங்களில் ஆண் வாரிசு இல்லையேல், மருமகனையே மகனாகச் சுவீகாரம் செய்து குடும்பப் பெயரை அளித்து வந்தனர். சத்சுமா நாட்டை ஆண்ட ஷிமாசு குலம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1871 வரை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் நிலைத்தது. அவ்வாண்டில் ஜப்பானியப் பேரரசு சிற்றரசுகளை ஒழித்தது. 1876-இல் சாமுராய்கள் வாள் அணிவதும் தடுக்கப்பட்டது. அதனை எதிர்த்துக் கிளர்ந்த சத்சுமா வீரர்கள் 1877 செப்டம்பரில் போர்க்களத்தில் மடிந்தனர்.

அதே 1877-ஆம் ஆண்டில் நம் மலைகளும் கைமாறின. இங்கே வாள் எழவில்லை, எழுதுகோலே போதுமாயிற்று. ஜூலை 11-ஆம் நாள், பூஞ்சார் வலிய ராஜா கேரளவர்மர், கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளையருக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். கைப்பணம் ரூபாய் 5,000. ஆண்டு வாடகை ரூபாய் 3,000. திருவிதாங்கூர் அரசு அடுத்த ஆண்டில் அதனை உறுதி செய்தது. 1899-இல் பூஞ்சாற்றாரின் மேலுரிமையும் திருவிதாங்கூருக்குச் சென்றது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள் பலவும் அந்த ஓலத்தின் கிளைகளே. அவற்றில் கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் மலையேறின. மதுரையிலிருந்து வந்தவர் எழுதிக் கொடுத்த மண்ணில், மதுரைச் சீமையிலிருந்தும் வந்தவர் கூலிக்கு நின்றனர் என்பது எண்ணத் தக்கது.

நிற்க. சென்ற ஆண்டு நம் மகளின் பள்ளியில் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதி வரச் சொன்னார்கள். இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் பிறர் பெயரைப் பதிவேட்டில் எழுதும் நாம், நம் பாட்டனாரின் தந்தை பெயரோடு நின்று விட்டோம். தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக இம்மலையேறிய பாட்டியின் தாயார் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மகள் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டு எழுதிச் சென்றாள். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அரச குடும்பத்திற்கு ஏடு உண்டு. நமக்கு முதியோரின் நினைவு ஒன்றே ஏடு. அது அவர்களோடு மறைந்துவிடும். ஆதலின் அன்பர்களே, இத்திங்களிலேயே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். வீட்டு முதியோரை அருகமர்த்தி, எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டில், யாருடன் வந்தனர் என்று கேட்டு எழுதுங்கள். தந்தை வழிப் பெயர்களோடு தாய் வழிப் பெயர்களையும் தவறாது எழுதுங்கள். பூஞ்சார் மரபு தாய்மார் வழியே அன்றோ நிலைத்தது! நம் பிள்ளைகள் எம்மொழியில் கற்பினும், எந்நாட்டில் வாழினும், தாம் யார் என்பதை அறிய அவ்வேடு துணை நிற்கும்.