கடற்பசுவின் மேய்ச்சல் நிலம்

பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்குக் காப்பகம் என்கிறார்களே, கடலுக்கு எப்படி வேலி போடுவார்கள் என்று பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். வேலி கிடையாது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை கரையையொட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்த விலங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் காப்பகம் இது. தேசியப் பூங்காவைப் போல் அல்லாமல், இது யாரையும் வெளியேற்றாது. மீன்பிடித் தொழில் தொடரலாம். அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும், ஆலோசனைக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி.

கடற்பசு பாலூட்டி, மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும், புல் தின்னும் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். எனக்குத் தீராத வியப்பு, அது மேயும் விதத்தில்தான். அதன் அகன்ற மேலுதடு கீழ்நோக்கி மடிந்திருக்கும். அதைத் தரையில் பதித்து, முன்னால் நகர்ந்தபடியே கடற்புல்லை வேரோடும், மண்ணுக்கடியில் ஓடும் தண்டோடும் பெயர்த்துத் தின்னும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வேண்டும். அது போன வழியில் ஒரு சாண் அகலத்துக்குப் பல மீட்டர் நீளத்தில் வெறும் மணல் கோடு விழுந்திருக்கும். பார்த்தால் அழிவுவேலை போலத் தோன்றும்.

ஆனால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே புல்லை அது விட்டுவைக்கிறது. வெறுமையான இடத்தில் முதலில் குடியேறுவது ஹாலோஃபிலா போன்ற சின்ன இலைப் புல்வகைகள். அவை வேகமாகப் பரவும். நார் குறைவு, சத்து அதிகம். மேய்ச்சல் நின்றால் நார் மிகுந்த முரட்டுப் புல் மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடற்பசுக் கூட்டம் மேய்ந்த இடத்துக்கே மீண்டும் வந்து மேய்வதால், இளம்புல்லே அங்கு நிலைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் இதை ஆராய்ந்தவர்கள், தனக்கு வேண்டிய பயிரைத் தானே வளர்க்கும் மேய்ச்சல் இது என்றார்கள். என் அம்மா கொல்லைப் பாத்தியில் அரைக்கீரையைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். விட்டால் முற்றிவிடும், கிள்ளினால் தளிர்க்கும். கடற்பசு அதற்கும் ஒருபடி மேலே போய் விதையும் விதைக்கிறது. அதன் சாணத்தில் வரும் புல் விதைகள் முளைக்கும் திறனோடு இருப்பதைக் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் கண்டிருக்கிறார்கள்.

இதே தரையில் விசைப்படகின் இழுவை மடி போவது வேறு கதை. பலகையும் இரும்புச் சங்கிலியும் தரையை உரசிக்கொண்டு போகும்போது கோடு, இடைவெளி என்று எதுவும் மிஞ்சுவதில்லை. கிளம்பும் சேறு வெளிச்சத்தை மறைக்கிறது. கடற்புல் பாசியல்ல, பூத்து விதைக்கும் தாவரம். வெளிச்சம் இல்லாவிட்டால் செத்துவிடும். புல் போனால் அதில் குஞ்சாக ஒதுங்கி வளரும் இறாலும் நண்டும், புல்லை மேயும் ஓரா மீனும் போய்விடும். நஷ்டம் நாட்டுப்படகுக்காரருக்கும்தான். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. எதிர்க்கரையில் இலங்கை 2017இல் இழுவை மடியையே தடை செய்துவிட்டது. சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. விலங்கு வனத்துறைக்கு, படகு மீன்வளத்துறைக்கு, ரோந்து கடலோரக் காவலுக்கு என்று ஒரே தண்ணீரைப் பிரித்து வைத்திருக்கிறோம். மூவரும் ஒரே படகில் ஏறி இரவு ரோந்து போனால்தான் அந்த 3 மைல் கோடு கடலிலும் இருக்கும்.

அவசரம் இருக்கிறது. இந்தியக் கடலில் எஞ்சியிருப்பவை 250க்குள் என்பதே மதிப்பீடு. பெண் கடற்பசு ஓர் ஆண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும்; அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகும். ஒரு தாய் செவுள்வலையில் சிக்கிச் சில நிமிடங்கள் மேலே வர முடியாமல் போனால், மூச்சுத்திணறிச் செத்துப்போகும். பல ஆண்டு ஈற்றும் அதோடு போயிற்று.

சிக்கிய கடற்பசுவை, தங்கள் வலையைத் தாங்களே அறுத்து விடுவிக்கும் மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இறைச்சிக்காக இதைப் பிடித்த அதே கரை. வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பணமும் தருகிறது. இதே கரையிலுள்ள மனோராவில் கடற்பசுப் பாதுகாப்பு மையம் அமைப்பதாகவும் அரசு அறிவித்திருக்கிறது. கட்டடம் வரட்டும். ஆனால் வலையை அறுத்தவருக்கு அந்த வலையின் முழு விலையும், பாராட்டு விழா வரை காத்திராமல், அடுத்த முறை அவர் கடலுக்குப் போகும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். இந்தத் திட்டத்தில் முதல் செலவு அதுவாக இருக்க வேண்டும் என்பேன்.