முதலில் நம்மை நிறுத்துப் பார்ப்போம்

ஒரு பிடி பருப்பை அள்ளியதும் அதன் ரகத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் குணத்தின் ரகத்தைப் பார்த்திருக்கிறோமா?

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் மார்ஸ்டன் 1928இல் வெளியிட்ட நூலில், மனிதர் நடந்துகொள்ளும் முறையை நான்காகப் பிரித்தார். கம்பெனிகள் இன்று தரும் ‘டிஸ்க்’ கேள்வித்தாள், அதை வைத்துப் பின்னால் வந்தவர்கள் உருவாக்கியது.

கீழமாசி வீதி மொத்தக் கடையிலும், மேலூர், திருமங்கலம் சில்லறைக் கடையிலும் இந்த நால்வரும் உண்டு. துணிந்து முந்துபவர், விலை ஏறுமென்று மூட்டைகளை வாங்கி அடுக்கிவிடுவார். பேசிக் கவர்பவர், முகத்துக்காகக் கடன் கொடுத்துவிடுவார். அனுசரித்துப் போகிறவர், பாக்கியைக் கேட்கக் கூசுவார். துல்லியம் பார்ப்பவர், கணக்குப் போட்டு முடிப்பதற்குள் சரக்கு கைமாறிவிடும்.

நான்கில் எதுவும் குற்றமல்ல. நாம் எந்த ரகம் என்று தெரிந்தால், நம்மிடம் இல்லாத குணமுள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கடன் கொடுக்குமுன் அவரை ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஆனால் கேள்வித்தாள் போக்கைச் சொல்லும், நாணயத்தைச் சொல்லாது. பதில் எழுதுவது அவரவர்தானே! அதை மட்டும் நம்பி ஒருவரை வேலைக்குச் சேர்க்கவோ நிறுத்தவோ கூடாது. ஆளை ஆராய்ந்து தெளிய வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அந்தத் தராசில் முதலில் ஏற வேண்டியவர், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.