கணினித் திரையின் இருவகைத் தாமதம்

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கிலுள்ள லோ யாட் பிளாசாவில் கணினி விளையாட்டுக்குரிய திரைகளின் பெட்டிமேல் ‘1 மில்லி விநாடி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கக் காணலாம். மில்லி விநாடியாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்காகக் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் வரும் பெற்றோர், சுட்டியை அசைத்தால் 1 மில்லி விநாடியில் திரையும் அசையும் என்று அதற்குப் பொருள்கொள்ளக் கூடும். அவ்வெண் குறிப்பது வேறொன்றை.

இத்திரைகளில் பெரும்பாலானவை திரவப் படிகத்தால் இயங்குபவை. 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலார் பிரெடரிக் ரைனிட்சர் முதன்முதல் கவனித்த விந்தைப் பொருள் இது. மின்னழுத்தம் மாறுங்கால் இதன் மூலக்கூறுகள் திரும்பி, ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. பாகுத்தன்மை உடையதாதலால் நொடிப்பொழுதில் திரும்பிவிடுவதில்லை. ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து மற்றொரு சாம்பல் நிறத்துக்கு மாறப் பிடிக்கும் காலமே துலங்கு நேரம் எனப்படும். அது நீண்டால், ஓடும் பந்தின் பின்னே வால்போல் நிழல் படியும். மின்னழுத்தத்தை மிகுத்து மூலக்கூறுகளை விரட்டலாம். அளவு மீறினால் அவை இலக்கைத் தாண்டிச் செல்ல, மாற்று நிறத்தில் ஒரு விளிம்பு தோன்றிக் கண்ணை உறுத்தும். பெட்டியிலுள்ள 1 பெரும்பாலும் இவ்வாறு விரட்டி, விரைவான மாற்றத்தை மட்டும் அளந்து பெற்ற எண்ணே. வணிகரின் சாமர்த்தியம் என்போம்!

உள்ளீட்டுத் தாமதமோ, விரல் அழுத்தியது முதல் அதன் விளைவு திரையில் தோன்றும்வரை கழியும் முழு நேரம். சுட்டி, கணினி, திரை மூன்றுக்கும் அதில் பங்குண்டு. துலங்கு நேரம் மிகக் குறைந்த திரையும், வந்த படத்தை உள்ளே நிறுத்திச் செப்பனிட்டுக் காட்டுமாயின் தாமதிக்கவே செய்யும்.

60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி எடுக்கும்; 144 ஹெர்ட்ஸ் திரை 6.9, 240 ஹெர்ட்ஸ் திரை 4.2. முதல் படியில் மிச்சமாவது ஏறத்தாழ 10 மில்லி விநாடி; அடுத்த படியில் 2.7 மட்டுமே. அதுவும் கணினி அவ்வளவு விரைவாகப் படங்களை அளித்தால்தான்.

மனிதக் கையின் வேகம் என்ன? வகுப்பில் எளிதில் காட்டலாம். ஓர் அடி அளவுகோலை ஒருவர் நழுவவிட, மற்றவர் விரலிடுக்கில் பிடிக்கட்டும். 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால் கழிந்தது 200 மில்லி விநாடி. இதற்குமுன் 10 எம்மாத்திரம் எனலாம். 2018 நவம்பரில் புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கில் நடந்த டோட்டா 2 பெரும்போட்டி போன்றவற்றில் மோதுவோரின் கைகள் ஏறக்குறைய ஒத்த வேகமுடையவை. அங்கே 10 ஒரு பொருட்டே. பள்ளி மாணவனுக்கு 2.7-க்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பதே என் கருத்து.

செலவின்றிக் கிடைக்கும் பயன்களும் உள. தொலைக்காட்சியைத் திரையாகக் கொள்வோர் அதன் ‘விளையாட்டு முறை’யை இயக்கினால், படத்தை மெருகூட்டும் வேலை குறைந்து பத்துக் கணக்கான மில்லி விநாடிகள் மிச்சப்படக்கூடும். 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியவர்களும் கணினியின் அமைப்பைத் திறந்து பார்ப்பது நலம். பல வீடுகளில் அது இன்னும் 60-இலேயே நிற்கும்.