பறங்கி விதையும் பங்குத் தொகையும்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் என்றதும் தொழிற்பேட்டையும் லாரி நிலையமுமே பலருக்கு நினைவு வரும். சென்ற கோடையில் அங்கே கணக்குப் பார்க்கச் சென்ற நாம், எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஓர் இழப்பைப் பற்றிக் கேட்க நேர்ந்தது.

மொட்டைமாடியில் தொட்டிகளும் கொல்லையில் சிறிது நிலமும் வைத்துப் பயிரிடும் அங்கத்தினர் அம்மையார் ஒருவர், தம் தாய் கொடுத்த பறங்கி விதையை முப்பது ஆண்டுகளாகப் போற்றி வந்தார். தட்டையான சிறு காய், ஆழ்ந்த வரிகள், சதை குங்கும நிறம். அண்டை வீட்டார் ஒருமுறை கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையை ஊன்றினர். அந்த ஆண்டு அம்மையாரின் காயில் ஒரு மாற்றமும் இல்லை. மறு ஆண்டோ கொடிக்கு ஒரு விதமாக நீளமும் உருண்டையுமாய்க் காய்த்தன. “விதையை யாரும் திருடவில்லை, ஐயா. ஆனாலும் அது என்னிடம் இல்லை” என்றார் அவர்.

நடந்தது இதுதான். பறங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டுக்கும் இடையே தூது போகும் தேனீக்கு வேலி என்பது கிடையாது. அயல் மகரந்தம் பட்டாலும் அப்போதைய காய் தாய்க்கொடியின் குணத்தையே காட்டும். கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த தலைமுறையில் வெளிப்படும். ஆகையால் பிழை தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது. விதைச் சான்றளிப்பு விதிகளில் நெல்லுக்கு இரகத்துக்கு இரகம் 3 மீட்டர் இடைவெளி போதும். பறங்கி, சுரை, பீர்க்கு முதலியவற்றின் சான்று விதைக்கு 500 மீட்டர் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 500 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் அடங்கும் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

நெல், கேழ்வரகு, தினை, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வன. வீட்டில் அரிய இரகம் வளர்க்கத் தொடங்குவோர் இவற்றிலேயே கைபழகுதல் நன்று. கம்பு அப்படியன்று, அதன் மகரந்தம் காற்றில் செல்வது. சில கதிர்களை மட்டும் வைத்து அதன் இரகத்தைக் காக்க முயல்வது வீண்.

கொடிவகைகளுக்கு நெசவாளர் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: தறியில் கழிந்த நூல். மறுநாள் விரியவிருக்கும் பறங்கி மொட்டுகளில், அடியில் பிஞ்சு உள்ள பெண்மொட்டையும் வேறொரு கொடியின் ஆண்மொட்டையும் முதல்நாள் மாலையிலேயே நூலால் கட்டிவிட வேண்டும். விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்து, இதழ் களைந்து, பெண்பூவின் சூல்முடியில் தடவி, பெண்பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். காம்பில் ஒரு வண்ண நூல் அடையாளமாக இருக்கட்டும். விதைக்கு அந்தக் காய் மட்டுமே. சுரை மாலையில் பூப்பதால் கட்டுவது பகலில், தடவுவது மாலையில். வேலை பத்து நிமிடந்தான். அந்தப் பத்து நிமிடத்தை மறப்பவரே மிகுதி!

சுரையில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கசப்புச் சுரையோடு கலந்துவிட்டால் அதன் விதையிலிருந்து வரும் காய் கசக்கக்கூடும். அக்கசப்பு நஞ்சு. கசந்த சுரைச் சாற்றை அருந்தி நம் நாட்டில் உயிரிழந்தோரும் உண்டு; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. விதைக்கு எடுக்குமுன் காயின் ஒரு துணுக்கை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் காயும் ஆகாது, விதையும் ஆகாது.

மேட்டுப்பாளையத்துக்கு வடக்கே, அதிகத் தொலைவில்லாத ஆரோவில்லில், மண் அரித்துப்போன செந்நிலத்தைத் திருத்தி, தீபிகா குந்தாஜியும் பெர்னார்டு தெக்லெர்க்கும் அரிய காய்கறிகள் ஏறத்தாழ 90 வகைகளைப் பேணி வந்துள்ளனர். இதற்காகத் தீபிகா அம்மையாருக்கு 2019-இல் குடியரசுத் தலைவர் நாரி சக்தி விருது வழங்கினார். ஆயினும் ஒரு தோட்டம் எத்தனை காலத்துக்கு எல்லாவற்றையும் தாங்கும்?

இக்கேள்விக்கு விடை கண்டவர் திருத்துறைப்பூண்டி வட்டாரத்து நெல் ஜெயராமன். நம்மாழ்வாரின் வழியில் நின்று, காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா முதலாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நெல்வகைகளை மீட்ட அவர், 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வந்த உழவருக்கு 2 கிலோ விதை. மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. நூற்றுக்கு நூறு வட்டி என்று கேட்டவுடன் நமக்குத் தணிக்கைக்காரரின் புருவம் உயர்ந்தது. ஆனால் வட்டி கடன் கொடுத்தவர் பெட்டிக்குப் போகவில்லை. அடுத்த உழவரின் வயலுக்குப் போயிற்று. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது விதை அவரோடு மறையாமைக்குக் காரணம், அது அதற்குள் பலர் வீட்டில் இருந்ததே.

இப்படிக் கைமாற்றுவது குற்றமாகாதோ என்று அங்கத்தினர் ஒருவர் அஞ்சினார். 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையைப் பெயரிட்ட பொட்டலமாக விற்பது மட்டுமே ஆகாது.

‘நாட்டு விதை’ என்ற பெயரில் வீண்பெருமையும் வேண்டா என்பது நம் கருத்து. பறங்கியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததுதான். பெயரே அதைச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்டிர் தேர்ந்தெடுத்துச் சாணத்தில் பதித்துச் சுவரில் ஒட்டிக் காத்ததால் அது நம்முடையதாயிற்று.

அம்மையாரின் பறங்கிக்கு வருவோம். பாகூரில் உள்ள அவருடைய நாத்தனார் வீட்டுச் சுவரில், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய சாண வறட்டி ஒன்று எஞ்சியிருந்தது. அதில் பதினொரு விதைகள். ஆடியில் ஊன்றியதில் நான்கு முளைத்தன. அண்டை வீட்டார் அந்தப் பட்டத்தில் பறங்கி போடாமல் அவரைக்கு மாறிக்கொள்ள ஒப்புக்கொண்டனர். தெருவில் எவர் எதைப் போடுகிறார், எந்த விதை எந்த மூன்று வீடுகளில் இருக்கிறது என்று எழுத ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கப்பட்டது. அதன் முதல் வரி: பறங்கி, தட்டை, கொடி 4. நூல் கட்டும் பொறுப்பை அம்மையாரின் பேத்தி ஏற்றிருக்கிறாள்.