பூனை பிடிக்காதவள் கல்நெஞ்சுக்காரியா?

'வாயில்லா ஜீவனிடம் பிரியம் இல்லாதவளுக்கு மனசே கிடையாது' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாய், பூனைகளைக் கொஞ்சும் வீட்டில், அவற்றைப் பிடிக்காத ஒருத்தி இருந்து விட்டால் அவள் பாடு திண்டாட்டம்தான். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான்!

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊர். மாமனார், மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று கூட்டுக் குடும்பம். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இங்கே பூனை இல்லாத நாளே கிடையாது. இப்போது இருப்பவை மூன்று. மாமனார் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, என்னவர் மடியில் ஒன்று, பிள்ளைகளின் போர்வைக்குள் ஒன்று.

எனக்கோ சின்ன வயசிலிருந்தே பூனை என்றால் ஆகாது. குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்பதெல்லாம் காரணம் அல்ல. அதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. காலில் உரசினாலே உடம்பு கூசும். மீன் ஆயும்போது பக்கத்தில் வந்து கத்துவதும், அடுப்பு மேடையில் நடப்பதும், துவைத்து மடித்த துணி மேல் படுத்து முடியை உதிர்ப்பதும் சகிக்காது. கொஞ்சுவது எல்லாரும், கூட்டி அள்ளுவது நான் ஒருத்தி. வாய் திறந்தால், "உனக்கு ஈவு இரக்கமே இல்லையாம்மா?" என்பார் மாமியார். பிடிக்காமல் இருப்பது வேறு, இரக்கம் இல்லாமல் இருப்பது வேறு என்று யாரிடம் சொல்வது?

போன வருடம் என் மகளின் கையைப் பூனை ஆழமாகக் கீறி, ரத்தம் வந்து விட்டது. "நம்ம வீட்டுப் பூனைதானே, அதுக்கேது விஷம்?" என்று மஞ்சள் பொடியோடு வந்தார் மாமியார். ராத்திரி முழுக்க ஊர்க் கூரையெல்லாம் சுற்றி, தெருப் பூனைகளோடு சண்டை போட்டு வரும் பூனை, நம்ம வீட்டுப் பூனை ஆகுமா? "அத்தை, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி, மஞ்சள் வைக்க விடாமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவினேன். உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

'ரேபீஸ்' என்னும் வெறிநோய் நாய்க்கடியால்தான் அதிகம் வருகிறது. ஆனால், பூனை கடித்தாலும் கீறினாலும்கூட வரலாம். நோயின் அறிகுறி தெரிந்து விட்டால் பிழைக்க வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். முன்னாலேயே ஊசி போட்டால் பயமில்லை. முதல் நாள் ஒன்று, அதிலிருந்து 3, 7, 28ம் நாட்களில் ஒவ்வொன்று என, தோலில் நான்கு தவணை போட்டார்கள். அந்தக் காலம் மாதிரி தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் காசும் கிடையாது. காயத்தில் மஞ்சள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது என்று அங்கிருந்த நர்சம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவளும் பூனைப் பைத்தியம்தான். பூனை அசிங்கம் செய்யும் மண் தட்டை, "நீங்க ஏன் அண்ணி கஷ்டப்படறீங்க?" என்று அவளே எடுத்துச் சுத்தம் செய்யப் போனாள். நான் தடுத்து விட்டேன். "பூனை மேல உள்ள வெறுப்பை என் பொண்ணு மேல காட்டுறியா?" என்று மாமியாருக்கு வந்ததே கோபம்! அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மறுநாள் பரிசோதனைக்குப் போனபோது, நாத்தனாரையே டாக்டரம்மாவிடம் கேட்கச் சொன்னேன்.

டாக்டரம்மா விளக்கினார். பூனையின் மலத்தில் 'டாக்சோபிளாஸ்மா' என்ற கிருமி இருக்கலாம். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால், கர்ப்பமாக இருக்கும்போது முதன்முறையாக அது தொற்றினால் கரு கலையலாம். குழந்தையின் கண்ணும் மூளையும்கூட பாதிக்கப்படலாம். அதற்காகப் பூனையை விரட்ட வேண்டாம். மலத்தைக் கர்ப்பிணி தொடாமல், வேறொருவர் தினமும் அள்ளி விட வேண்டும். மலத்தோடு வெளியே வரும் கிருமிக்குத் தொற்றும் சக்தி வர, குறைந்தது ஒரு நாளாவது ஆகுமாம். சரியாக வேகாத கறியிலும், கழுவாத காய்கறியிலும், தோட்டத்து மண்ணிலும் இதே கிருமி இருக்கலாம் என்றும் எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. ஆனால், மறுநாள் காலை அவரே முறத்தை எடுத்துக் கொண்டு போய் மண் தட்டைச் சுத்தம் செய்தார்.

அந்தச் சமயம் பார்த்து, எல்லாரையும் உட்கார வைத்து பூனைக்கு மணி கட்டினேன். ஒன்று, கொஞ்சுகிறவர்கள்தான் அள்ள வேண்டும். மண் தட்டு இனி என் கணவர், மாமனார் பொறுப்பு. இரண்டு, அடுக்களைக்குள்ளும் படுக்கை மேலும் பூனைக்கு இடமில்லை. மூன்று, வீட்டு வேலைக்காகக் கொட்டி வைத்த மணலில் பூனை போவதால், அதைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். பிள்ளைகள் அதில்தானே விளையாடுகிறார்கள்? நான்கு, மூன்று பூனைகளுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியும் குடும்பக் கட்டுப்பாடும் செய்தாக வேண்டும்.

கடைசிச் சட்டத்துக்குத்தான் எதிர்ப்பு. "பாவம்மா, அதை ஏன் அறுக்கணும்?" என்றார் மாமனார். பெண் பூனை பிறந்த ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு மூன்று, நான்கு. "போன தடவை போட்ட குட்டிகளில் எத்தனை மாமா பிழைச்சுது?" என்று மட்டும் கேட்டேன். இரண்டை நாய் கடித்தது. ஒன்று வண்டியில் அடிபட்டது. சாக்கில் சுற்றிக் கொல்லைப்புறத்தில் புதைத்தது நான்தான். அதற்கு மேல் அவர் பேசவில்லை. மூடி போட்ட கூடையில் வைத்து, ஒவ்வொன்றாகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும் என்று அங்கே சொன்னார்கள். அரை லிட்டர் பால் மிச்சம்!

நாத்தனாருக்குச் சுகப்பிரசவம் ஆகி, ஆண் குழந்தை நல்லபடியாக இருக்கிறான். பூனைகளும் முன்பை விடப் புஷ்டியாகத்தான் திரிகின்றன. எனக்கு அவற்றை இன்னும் பிடிக்கவில்லை; மடியில் ஏறினால் தள்ளித்தான் விடுகிறேன். ஆனால், அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பது, அந்த வீட்டில் நான் மட்டும்தான்.

எனவே சகோதரிகளே, உங்கள் வீட்டு மருமகளோ, மகளோ, 'எனக்கு இந்தப் பிராணி பிடிக்கலை' என்று சொன்னால், கல்நெஞ்சுக்காரி என்று பட்டம் கட்டி விடாதீர்கள். அவள் பயப்படுவதற்கும் அருவருப்பதற்கும் காரணம் இருக்கலாம். பிரியப்பட்டு வளர்ப்பவர்கள், அதன் ஊசிக்கும் அசிங்கத்துக்கும் சேர்த்தே பொறுப்பு எடுத்துக் கொள்ளுங்கள். பிரியம் இல்லாதவள் தலையில் வேலையைக் கட்டி விட்டு, அவளிடம் பிரியத்தையும் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?